இரண்டு தடவை எழுதிய பெயர்

கசோண்டே தன் கூட்டாளியின் பெயரை இரண்டு தடவை எழுத வேண்டியிருந்தது. முதல் தடவை எழுதியது சுரங்கக் கேப்டனுக்குப் புரியவில்லை.

"இது என்னப்பா, எழுத்தா, எறும்பு ஊர்ந்த தடமா?" என்றார் கேப்டன் சிலுங்வே. காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிறகு கசக்கிக் கூடையில் போட்டுவிட்டு இன்னொரு காகிதத்தை நீட்டினார். "நிதானமா, ஒவ்வொரு எழுத்தா எழுது. மேலிடத்துக்குப் போற காகிதம்."

கசோண்டே நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். சகேயு ஜெரே. பள்ளிக்கூடத்தை விட்டபிறகு அவர் எதையும் இவ்வளவு சுத்தமாக எழுதியதில்லை.

"இது எழுத்து," என்றார் கேப்டன்.

பாராட்டை வாங்கிக்கொண்டு கசோண்டே வெளியே வந்தார். வாய் கசந்தது.

விஷயம் இதுதான். ஆறாம் நம்பர் ஷாஃப்டில், ஆயிரத்து எண்ணூறு அடி ஆழத்தில் ஒரு பம்ப் அறை. அங்கே பத்தொன்பது வருஷமாக இரண்டு பேர் உட்கார்ந்து, ஊறிவரும் தண்ணீரை மேலே தள்ளிக்கொண்டிருந்தார்கள். இப்போது புதுப் பம்புகள் வந்துவிட்டன. அவை தாமாகவே ஓடும், தாமாகவே நிற்கும், ஏதாவது கோளாறு என்றால் தாமாகவே கத்தும். ஒரு ஆள் போதும். 'ரெண்டு பேர்ல யார் போகணும்னு நீயே எழுது. எழுதலைன்னா ரெண்டு பேரும் போவீங்க' என்று கேப்டன் சொல்லியிருந்தார். அதை அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. டீக்குச் சர்க்கரை வேண்டுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னார்.

பம்ப் அறையில் ஜெரே, கசோண்டேயின் சாப்பாட்டு டப்பாவை மோட்டாரின் முதுகிலிருந்து எடுத்து வைத்துக் காத்திருந்தார். மோட்டார் சூட்டில் டப்பாவை வைத்தால் பதினோரு மணிக்குச் சோளக்களி ஆவி பறக்கும். அன்று கபெண்டாக் கருவாட்டுக் குழம்பு.

"எங்க போய்த் தொலைஞ்ச, குரங்கு தின்னி? களி கல்லாயிடுச்சு பாரு."

"கேப்டன் கூப்பிட்டாரு."

"எதுக்கு?"

"சும்மா."

ஜெரே பதிவேட்டை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்தார். பம்ப் ஓடிய மணிக்கணக்கு, தண்ணீர் மட்டம், வேலையில் இருக்கும் ஆட்களின் பெயர் எல்லாவற்றையும் அவர்தான் எழுதுவார். ஆரம்பத்தில் ஒரு மாதம் கசோண்டே எழுதிப் பார்த்தார். மேலிருந்து ஒரு இன்ஜினியர் இறங்கிவந்து, கோழி எதுவும் உள்ளே புகுந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து பேனா ஜெரேயிடம். அச்சடித்த மாதிரி எழுத்து. குடியிருப்பில் யாருக்கு விண்ணப்பம் எழுத வேண்டியிருந்தாலும் ஜெரே வீட்டுக்குத்தான் போவார்கள்.

கசோண்டே பெம்பா, ஜெரே ங்கோனி. இந்த இரண்டு இனத்தாருக்கும் கேலிமுறை. முன்னொரு காலத்தில் இவர்களுடைய முன்னோர் ஒருவரையொருவர் ஈட்டியால் குத்திக்கொண்டார்கள். அது முடிவுக்கு வராததால் பேரன்மார் வாயால் குத்திக்கொள்கிறார்கள். கேலிமுறைக்காரனைக் கூப்பிடும் 'ம்புயா' என்ற ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். எலி தின்னி என்னலாம், குரங்கு தின்னி என்னலாம், உன் சாவுக்கு என்றைக்கு வரட்டும் என்று நாள் கேட்கலாம். சொன்னவன் மேல் குற்றமில்லை. கோபித்துக்கொண்டவன்தான் கோழி கொடுக்க வேண்டும். கசோண்டேயின் அப்பா செத்தபோது ஜெரே குழிக்குள் இறங்கி மல்லாந்து படுத்துவிட்டார். 'இது எங்க நிலம், பெம்பாவை இங்க புதைக்க விடமாட்டேன்' என்று அடம். கிழவரின் இருமலை அப்படியே இருமிக் காட்டினார். அழுதுகொண்டிருந்த கசோண்டேயின் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

அன்று வேலை முடிந்து மேலே வரும்போது கேஜில், அந்த இரும்புக் கூண்டு லிஃப்டில், இருபது பேர், உரித்து அடுக்கிய சோளக்கதிர் மாதிரி நெருக்கி நின்றார்கள். ஜெரேயின் மூச்சு கசோண்டேயின் காதில் பட்டது. சொல்லிவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. சொல்லிவிட்டால் பாதி பாரம் இறங்கும். ஆனால் சொன்ன மாதிரியும் இருக்க வேண்டும், சொல்லாத மாதிரியும் இருக்க வேண்டும். அதற்கு அவருக்கு ஒரு வார்த்தை கைவசம் இருந்தது.

"ம்புயா, உன்னை வேலையை விட்டுத் தூக்கச் சொல்லி உன் பேரை எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கேன்."

ஜெரே சிரித்த சிரிப்பில் கேஜே குலுங்கியது.

"கேட்டீங்களாடா, கேட்டீங்களா! இவன் எழுதினானாம்! இவன் எழுதினதை எவன்டா படிச்சான்?"

இருபது பேரும் சிரித்தார்கள். கசோண்டேயும் சிரித்தார். ஆயிரத்து எண்ணூறு அடி முழுக்கச் சிரித்துக்கொண்டே மேலே வந்தார்கள்.

ஒன்பதாவது நாள் வேலை போகிறவர்களின் பட்டியல் ஒட்டினார்கள். நூற்றுப் பதினாறு பேர். ஜெரே தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, "ம்புயாவுக்குக் கருநாக்குடா!" என்று கத்தினார். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். சிரித்ததில் பாதிப் பேர் பட்டியலில் இருந்தவர்கள்.

*

மனைவி முதாலேயிடம் கசோண்டே இரண்டு நாள் கழித்து நடந்ததைச் சொன்னார். அவள் களி கிண்டிக்கொண்டிருந்தாள். துடுப்பு நிற்கவில்லை.

"எழுதாம விட்டிருந்தா?"

"ரெண்டு பேரும் போவீங்கன்னு கேப்டன் சொன்னான்."

"அப்ப நம்ம பிள்ளை சோலாவோட படிப்பு போயிருக்கும்."

"போயிருக்கும்."

"நான் அங்க நின்னிருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்." களியை உருட்டித் தட்டில் வைத்தாள். "ஆனா சோலாப்பா, ரெண்டாவது காகிதம் குடுத்தான் பாருங்க, அப்ப ஒரு நிமிஷம் யோசிச்சிருப்பேன்."

கசோண்டே பாதித் தட்டோடு எழுந்துவிட்டார். அன்றிலிருந்து தினமும் பாதித் தட்டுதான்.

பாதித் தட்டு சாப்பிடுகிறவர் சோளமாவு மூட்டையை முழுதாகத் தூக்கிக்கொண்டு ஜெரே வீட்டுக்குப் போனார். அக்டோபர் வெயில். தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுத்தது. மாமரத்தடியில் ஜெரேயின் மனைவி தமாரா அடுப்பு மூட்டி, சந்தையில் விற்க மாவுருண்டை பொரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கவிழ்த்த வாளியின்மேல் ஜெரே, தலையில் சுரங்க ஹெல்மெட்டோடு.

"நீங்களே கேளுங்க அண்ணா," என்றாள் தமாரா. "காலையில நாலரைக்கு எந்திரிச்சிடறாரு. எந்திரிச்சு என்னையும் எழுப்பறாரு. எதுக்குங்கறீங்க? பாதுகாப்புக் கூட்டமாம்!"

"விதி ம்புயா, விதி," என்றார் ஜெரே. "வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஆபத்து என்னென்னன்னு சொல்லணும். இன்னிக்கு ஆபத்து மூணு. ஒண்ணு, சூடான எண்ணெய். ரெண்டு, வழுக்கற தரை. மூணு, என் பொண்டாட்டி."

"பொரிக்கிற ஒவ்வொரு சட்டிக்கும் நேரம் குறிச்சு வைக்கிறாரு அண்ணா! முந்தாநாள் என் கரண்டிக்கு நம்பர் போட்டாரு."

"கரண்டி காணாமப் போனா யாரு பொறுப்பு?"

"கரண்டி எங்கயும் போகாது. நீங்கதான் எங்கயாவது போகணும்."

சொன்ன பிறகுதான் தமாராவுக்குச் சொன்னது உறைத்தது. எண்ணெயைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

ஜெரே ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்தார். "ரெண்டாம் நம்பர் பம்ப் எப்படி இருக்கு?" என்றார், ஆஸ்பத்திரியில் இருக்கும் சொந்தக்காரரை விசாரிக்கிற மாதிரி.

"ரெண்டாம் நம்பரைக் கழட்டிட்டாங்க. புதுசு ஓடுது."

"கசியுதா?"

"இல்ல."

"கொஞ்சம்கூட?"

"கொஞ்சம்கூட இல்ல. அதுமேல டப்பா வச்சா அலாரம் அடிக்குது. ஆறிப்போனதைத்தான் சாப்பிடறேன்."

"ஆறின களி," என்றார் ஜெரே. சிரிக்கப் பார்த்தார். வாய் பாதிவரைக்கும் வந்து நின்றுவிட்டது. அதைப் பார்க்க முடியாமல் கசோண்டே மாவு மூட்டையை உள்ளே கொண்டுபோய் வைத்தார். வெளியே வந்து, ஒழுகாத கூரையை ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். உடையாத வேலியைக் கட்டினார். வரிசையாக மூன்று வாரம் அந்த வீட்டில் கெடாத சாமான் எல்லாவற்றையும் பழுது பார்த்தார்.

"இந்தாளுக்கு என்னாச்சு?" என்று தமாரா கேட்டாள்.

"பெம்பாக்காரனுக்கு மனசாட்சி மழைக்கு மறுநாள் முளைக்கும், காளான் மாதிரி," என்றார் ஜெரே. "வெயில் அடிச்சா போயிடும்."

*

நிர்வாகத்துக்கும் மனசாட்சி இருந்தது. வேலை போனவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். சமூகக் கூடத்தில் 'மாற்றத்தைத் தழுவுவோம்' என்று பேனர். ஆளுக்கு ஒரு பன், ஒரு ஃபாண்டா. ஒவ்வொருவரும் மன ஆறுதலுக்குத் துணையாக ஒருவரை அழைத்து வரலாம் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. தமாராவுக்குச் சந்தை நாள். ஆகவே ஜெரேயின் மன ஆறுதலுக்குக் கசோண்டே போனார்.

தலைநகர் லுசாகாவிலிருந்து வந்த பயிற்சியாளர், சின்ன வயதுப் பெண். நல்ல மனசுக்காரி. பலகையில் ஒரு படிக்கட்டு வரைந்தாள்.

"வேலை போறதும் ஒரு சாவு மாதிரிதாங்க. இந்தத் துக்கத்துக்கு அஞ்சு படி இருக்கு. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏத்துக்கறது. ஒவ்வொண்ணாத்தான் இறங்க முடியும்."

ஜெரே கையைத் தூக்கினார். "மேடம், நாங்க படிக்கட்டுல இறங்கிப் பழகலைங்க. கேஜ் கிடையாதா? ஒரே இறக்கமா அஞ்சாவதுக்குப் போயிடலாமே."

கூடம் அதிர்ந்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள். பிறகு, பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொண்டு, இதுவரை அவரிடம் சொல்லாத ஒரு உண்மையைச் சொல்லச் சொன்னாள். அது நெஞ்சை லேசாக்குமாம்.

கசோண்டே ஜெரேயின் கையைப் பிடித்தார். பத்தொன்பது வருஷம் கிரீஸில் ஊறிய கை. அதில் இப்போது மாவு வாசனை அடித்தது.

"ஜெரே," என்றார். "உன் பேரை எழுதினது நான்தான்."

ஜெரே அவரை ஒரு கணம் பார்த்தார். அடுத்த கணம் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார்.

"மேடம்! இவன் விடமாட்டேங்கறான் மேடம்! கேஜ்ல சொன்ன ஜோக்கை இங்க வந்தும் சொல்றான்! அழுதுகிட்டே சொல்றான் பாருங்க, என்ன நடிப்பு!"

இருநூறு பேர் மேஜையைத் தட்டினார்கள். யாரோ விசிலடித்தார்கள். கசோண்டேயின் கண்ணில் தண்ணீர் வழிவதைக் காட்டி, இந்த வருஷம் இதைவிட நல்ல ம்புயா ஜோக் வராது என்று பின்வரிசையில் பேசிக்கொண்டார்கள். பயிற்சியாளர் பலகையில் பெரிதாக எழுதினாள்: 'நகைச்சுவை ஒரு சிறந்த மருந்து.' கசோண்டேயைத் துணைவர்களுக்கு முன்மாதிரி என்று சொல்லி, அவருக்கு இன்னொரு ஃபாண்டா கொடுக்கச் சொன்னாள்.

அந்த ஃபாண்டாவை அவர் வீடுவரை திறக்காமல் கொண்டுவந்து சோலாவிடம் கொடுத்தார்.

இனி எப்படிச் சொல்வது? கேலிமுறைக்காரனிடம் விளையாட்டாகச் சொன்னாலும் விளையாட்டுதான், அழுதுகொண்டு சொன்னாலும் விளையாட்டுதான். உண்மையைச் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருந்தார்கள். ஜெரேயிடம் சொல்லத்தான் வழியில்லை. வழியை அடைத்தவர் கசோண்டே, கேஜில், ஒரே வார்த்தையில்.

அந்த வாரமே செய்தி வந்தது. ஜெரே வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு சிபாட்டா பக்கம், அண்ணன் நிலத்துக்குப் போகிறார். சனிக்கிழமை லாரி.

"சோளம் போடப்போறேன், நிலக்கடலை போடப்போறேன்," என்று எல்லோரிடமும் சொன்னார். ஜெரே பிறந்தது சுரங்க ஆஸ்பத்திரியில். மண்ணை அவர் தொட்டதெல்லாம் ஆயிரத்து எண்ணூறு அடிக்குக் கீழேதான்.

*

சனிக்கிழமை காலை வானம் ஈயம் மாதிரி கனத்துக் கிடந்தது. வருஷத்தின் முதல் மழை எந்த நேரமும் இறங்கும் என்று எல்லோரும் அவசரப்பட்டார்கள். கட்டில், ஃபிரிட்ஜ், கோழிக்கூடு, நம்பர் போட்ட கரண்டி எல்லாம் லாரியில் ஏறியாயிற்று. தமாரா முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, பார்க்க வேண்டாதவள் மாதிரி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெரே லாரிமேல் நின்று தார்ப்பாயை இழுத்தார். கசோண்டே கீழே நின்று கயிற்றை முடிந்தார்.

"இறுக்கு ம்புயா, இறுக்கு! குரங்கு பிடிக்கிற பிடி அது இல்ல!"

கசோண்டே கயிற்றை விட்டார்.

"ஜெரே," என்றார். "நீங்க கொஞ்சம் கீழ இறங்கி வாங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

ஜெரேயின் சிரிப்பு நின்றுவிட்டது. பத்தொன்பது வருஷத்தில் அந்த வாயிலிருந்து அவர் 'நீங்க' கேட்டதில்லை. கசோண்டேயின் தகப்பன் செத்தபோதும் கேட்டதில்லை. லாரிச் சக்கரத்தில் கால் வைத்து மெதுவாக இறங்கினார். வயசான ஆள் இறங்குகிற மாதிரி இறங்கினார்.

"கேப்டன் என்கிட்ட ஒரு காகிதம் குடுத்தாரு. ரெண்டு பேர்ல ஒருத்தர் பேரை எழுதச் சொன்னாரு. நான் உங்க பேரை எழுதினேன். எழுதினது புரியலைன்னு சொல்லி இன்னொரு காகிதம் குடுத்தாரு. மறுபடியும் உங்க பேரைத்தான் எழுதினேன். கேஜ்ல அதை ஜோக்காச் சொன்னேன், நீங்க நம்பக்கூடாதுன்னு. இப்ப ஜோக்கு சொல்லலைங்க."

ஜெரே தன் கைகளைப் பார்த்தார். உள்ளங்கையில் கயிறு அறுத்த சிவப்புக் கோடு. ஒரு மழைத்துளி அதன்மேல் விழுந்தது. கசோண்டே அடிக்காகக் காத்திருந்தார். வந்தால் நன்றாக இருக்கும் என்றிருந்தது.

"ரெண்டாவது தடவை எழுத்து நல்லா வந்துச்சா?"

"வந்துச்சுங்க."

"ஸ்பெல்லிங்?"

"சரியா எழுதினேன்."

"முதல்ல இந்த 'நீங்க, வாங்க'ங்கறதை நிறுத்து. எனக்கு முடி நரைச்சிடும்." ஜெரே ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். மழை அதன்மேல் டப்டப்பென்று விழுந்தது. "எனக்கும் ஒரு காகிதம் குடுத்தான்."

"என்னது?"

"உனக்கு முந்தின நாள். நான் மட்டும் என்ன, சும்மா விட்டனா? உன் பேரைத்தான் எழுதினேன், குரங்கு தின்னி! என்ன பண்றது, என் கையெழுத்து அந்தாளுக்குப் புரியல."

கசோண்டேக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மாதமாக உள்ளே அடைந்து கிடந்ததெல்லாம் வெளியே வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தார். ஜெரேயும் சிரித்தார். இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நனைந்தார்கள். டிரைவர் ஹார்ன் அடித்தார். தமாரா எட்டிப் பார்த்து, "ரெண்டு கிறுக்கனுங்க!" என்றாள். ஜெரே சாமான் மேலேறித் தார்ப்பாய்க்குள் தலையை நுழைத்துக்கொண்டார்.

"என் சாவுக்கு வரும்போது கோழி கொண்டு வா!"

"நீ எலி பிடிச்சு வை!"

லாரி மூலை திரும்பியது.

அன்று இரவு கசோண்டே தட்டை வழித்துச் சாப்பிட்டார். முதாலே அதிசயமாகப் பார்த்தாள்.

"சொல்லிட்டேன்," என்றார். "அவனும் என் பேரை எழுதினானாம்! கேப்டனுக்குத்தான் அவன் எழுத்து புரியலையாம்."

முதாலே இன்னொரு உருண்டை களி வைத்தாள்.

"நம்ம சோலாவைப் பள்ளிக்கூடத்துல சேர்க்க விண்ணப்பம் எழுதிக் குடுத்தது யாருங்க?"

கசோண்டே அந்த உருண்டையைத் தொடவில்லை.

திங்கட்கிழமை அவர் தனியாக இறங்கினார். புதுப் பம்ப் கசியாமல், கத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மாதமாக அவர்தான் பதிவேட்டை நிரப்பி வந்தார். ஆனால் ஒரு நாளும் பழைய பக்கங்களைப் புரட்டியதில்லை. அன்று விளக்கைக் கிட்டே இழுத்துப் புரட்டினார்.

பணியில்: கசோண்டே, ஜெரே. அடுத்த நாள்: கசோண்டே, ஜெரே. அதற்கு முந்தின வாரம், அதற்கு முந்தின மாதம், பக்கம் பக்கமாக, அச்சடித்த மாதிரி. எழுதினவர் தன் பெயரை ஒரு நாளும் முதலில் போடவில்லை. கேப்டன் அழைத்த நாளுக்கு முந்தின நாளையும் பார்த்தார். கசோண்டே, ஜெரே. ஒன்றாம் வகுப்புக் குழந்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிடும்.

இன்றைய பக்கத்துக்கு வந்தார். பணியில், என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். புரியவில்லை. அடித்துவிட்டு, நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, மறுபடியும் எழுதினார். அதுவும் கோழிக் கிறுக்கல்தான்.

பிறத்தியாருக்குப் புரியும்படி அவர் எழுதியது வாழ்க்கையில் ஒரே ஒரு பெயரைத்தான். அந்தக் காகிதம் மேலே ஆபீசில், கோப்பில், பத்திரமாக இருக்கிறது.